கேலரியில் இன்டர்ன்ஷிப்: சம்பளம் கேட்கலாமா?

விற்பனையை நோக்கமாகக் கொள்ளாத சமகாலக் கலைக்கூடங்களில் பயிற்சிக்குச் சேர்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பதில் தருபவர், அப்படிப்பட்ட கூடங்களில் நெடுங்காலம் கண்காட்சி ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றியவர்.

கேள்வி: கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் இறுதியாண்டு படிக்கிறேன். டெல்லியில் லாப நோக்கமில்லாத ஒரு கேலரி மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சம்பளம் கிடையாது, நல்ல அனுபவம் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அப்பா தறி நெய்கிறார். கடன் வாங்கியாவது அனுப்புகிறேன் என்கிறார். போகலாமா? பணம் கேட்டால் வாய்ப்பு கைநழுவிப் போகுமா?
— ஒரு மாணவர், கும்பகோணம்

பதில்: கடன் வாங்கிப் போகாதீர்கள், தம்பி. அப்பாவின் மனசு பெரியது. ஆனால் மூன்று மாத டெல்லிச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்கும்படி எந்த இன்டர்ன்ஷிப்பும் உடனே வருமானம் தந்துவிடாது. அதற்காக வாய்ப்பை விட்டுவிடவும் சொல்லமாட்டேன். முதலில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். “தேர்வு செய்ததற்கு நன்றி. என் குடும்ப வருமானத்தில் டெல்லியில் மூன்று மாதம் தங்குவது இயலாது. தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு உதவித்தொகை தர வழி உண்டா? இல்லையென்றால் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாமா?” இவ்வளவு போதும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படிக் கேட்டார் என்பதற்காகவே ஒருவரை வேண்டாம் என்று தள்ளும் இடத்தில் கற்றுக்கொள்ளவும் அதிகம் இருக்காது.

காலத்தைக் குறைப்பது என்றதும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். கேலரி வேலையின் உயிர், ஒரு கண்காட்சியை இறக்கி அடுத்ததை ஏற்றுகிற நாட்களில் இருக்கிறது. திறப்பு விழா முடிந்து கூடம் அமைதியான பிறகு வருகிற இன்டர்ன், பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த கண்காட்சி எப்போது ஏறுகிறது என்று கேளுங்கள். அதற்கு முன்னும் பின்னுமாக ஐந்தாறு வாரம் இருந்தாலே போதும். மீதி வேலையை, கையேட்டுக்கு எழுதுவது, ஆவணப் படங்களுக்குக் குறிப்பு எழுதுவது போன்றவற்றை, ஊரிலிருந்தே செய்து தருகிறேன் என்று சொல்லலாம். நேரடியாக யாருடைய கையின் கீழ் வேலை செய்யப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். பதிலில் ஒருவர் பெயர் வந்தால் நல்லது. “எல்லாரோடும் சேர்ந்துதான்” என்று வந்தால், யாரும் உட்கார்ந்து கற்றுத்தரப் போவதில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் வரைகிறவர். இன்டர்ன்ஷிப்பில் மற்றவர் படைப்புதான் நடுவில் இருக்கும். உங்கள் கை அதைச் சுற்றி இயங்கும். உங்கள் சொந்த வேலை நடுவில் இருக்க வேண்டும் என்றால் நாட வேண்டியது, கலைஞர் ஓரிடத்தில் தங்கித் தன் படைப்பைச் செய்யும் ரெசிடென்சி. டெல்லி கிர்க்கி எக்ஸ்டென்ஷனில் இருக்கும் கோஜ் என்ற கலை அமைப்பு, 1997-இல் மோடிநகரில் கலைஞர்கள் ஒன்றுகூடி நடத்திய பட்டறையாகத் தொடங்கியது. கல்லூரி முடித்துப் புதிதாக வெளியே வரும் இளம் கலைஞர்களுக்காகவே ‘பியர்ஸ்’ என்ற ரெசிடென்சியைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. அதற்கும் விண்ணப்பித்துப் பாருங்கள்.

சம்பளம் கேட்பதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உங்கள் பர்ஸ் மட்டுமல்ல. வருமானமே இல்லாமல் டெல்லியில் மூன்று மாதம் இருக்க முடிந்தவர்கள் யார்? அங்கேயே வீடு உள்ளவர்கள், பெற்றோர் மாதாமாதம் பணம் அனுப்ப முடிந்தவர்கள். இன்றைக்கு இன்டர்னாக வருபவர்தான் பத்தாண்டு கழித்து க்யூரேட்டராக உட்கார்ந்து, எந்த ஊருக்குப் போவது, எந்தக் கலைஞரின் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்கிறார். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்த மேசைக்கு வரவே முடியாது என்றால், அந்த வாழ்க்கை சுவருக்கும் வராது. இதை நான் மிகப் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

கேள்வி: மதுரையில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். கண்காட்சிகள் என்றால் உயிர். ஆனால் எனக்கு ஒரு கோடுகூட நேராகப் போட வராது. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கேலரியில் என்ன வேலை இருக்கும்?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: கோடு போடத் தெரிய வேண்டியதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதத் தெரிய வேண்டும். அது இலக்கியம் படித்தவர்களுக்கு வரும்.

ஒரு படைப்பு மரப்பெட்டியில் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவலில் உடனே திறந்துவிடக் கூடாது. வேறு ஊரின் காற்றை அடைத்துக்கொண்டு வந்த பெட்டி அது. சென்னை, கொச்சி போன்ற ஈரக்காற்று ஊர்களில் சட்டென்று திறந்தால் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க அறையிலேயே வைத்துப் பழகவிட வேண்டும். மறுநாள் மூடியை நெம்பாமல், ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, ஒரு டப்பாவில் போட்டுப் பெட்டி எண்ணை எழுதி வைக்க வேண்டும். உள்ளே ஒவ்வோர் அடுக்கை எடுக்கும் முன்பும் ஒரு படம். கண்காட்சி முடிந்து திரும்பக் கட்டும்போது எந்த ஃபோம் துண்டு எங்கே இருந்தது என்று அந்தப் படம்தான் சொல்லும். பபிள் ரேப்பின் குமிழ்கள் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். உட்பக்கம் திரும்பியிருந்தால் வார்னிஷ் மீது வட்ட வட்டமாகத் தடம் விழும்.

அடுத்துக் கண்டிஷன் ரிப்போர்ட், அதாவது படைப்பு எந்த நிலையில் வந்தது என்ற பதிவு. புதிதாக வரும் எவருக்கும் முதலில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். கையுறை போட்டுக்கொண்டு, பருத்திக் கையுறை வழுக்கும் என்பதால் நைட்ரைல் கையுறை, சட்டத்தின் இரு பக்கமும் இரண்டு கையால் பிடித்து மேசையில் கிடத்துவார்கள். மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த தாள் இப்போது மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். எங்கோ ஒரு நகக்கீறல், ஒரு மூலையில் மடிப்பு, விளிம்போரம் நாலைந்து பழுப்புப் புள்ளிகள். எல்லாவற்றையும் எழுத வேண்டும்: ‘கீழ் விளிம்பிலிருந்து 4 செ.மீ. மேலே, வலது விளிம்பிலிருந்து 11 செ.மீ. உள்ளே, 2 மி.மீ. நீளக் கீறல்.’ பழுப்புப் புள்ளி என்றால் பழுப்புப் புள்ளி என்றே எழுத வேண்டும். பூஞ்சை என்று எழுதக் கூடாது. பூஞ்சையா, இரும்புத்துகள் துருவா, தேநீரா என்று சொல்வது கன்சர்வேட்டரின் வேலை. நாளை அந்தப் படைப்பை இரவல் தந்தவர் “இந்தக் கீறல் உங்கள் இடத்தில் விழுந்தது” என்று சொன்னால் காப்பீட்டு நிறுவனத்தின் முன் வைப்பதற்கு இந்த ஒரு தாள்தான் இருக்கும். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை எழுதிய நான்கு வரி, பல லட்ச ரூபாய் வழக்கைத் தீர்த்துவிடும்.

இப்படி ஒரு படைப்போடு முக்கால் மணி நேரம் தனியாக உட்காரும் வாய்ப்பு பார்வையாளருக்குக் கிடைக்காது. பணம் கொடுத்து வாங்குகிறவர்கூட அப்படி உட்கார்ந்து பார்ப்பது அபூர்வம். ஓவியர் தூரிகையை எங்கே திருப்பினார், எங்கே மனம் மாறி மேலே பூசினார் என்பதெல்லாம் அப்போது தெரியும்.

மாட்டும் வேலையில் பெரும்பாலான கூடங்கள் படத்தின் நடுப்புள்ளியைத் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் வைக்கின்றன. ரசமட்டம் வைத்துப் பார்த்து, தள்ளி நின்று கண்ணாலும் பார்க்க வேண்டும், பழைய கட்டடங்களில் தரையே சாய்வாக இருக்கும் என்பதால். தாளில் செய்த படைப்பு என்றால் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. கடைசியாக லேபிள்: கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, யாருடைய சேகரிப்பு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. இதை மாற்றி அச்சிட்டுவிட்டால் நின்றகோலப் படம் படுத்துவிடும். வடக்கே அச்சாகும் பட்டியல்களில் நம் கலைஞர்களின் இனிஷியல் படும் பாடு உங்களுக்குத் தெரியும். கே.எம். ஆதிமூலத்தை எந்த எழுத்தின் கீழ் வரிசைப்படுத்துவது என்று கேட்டுச் சரிசெய்ய ஒரு மதுரைக்காரர் அங்கே இருப்பது நல்லது.

கேள்வி: என் மகள் எம்.ஏ. முடித்துவிட்டு ஃபோர்ட் கொச்சியில் ஒரு கலை அமைப்பில் நான்கு மாதப் பயிற்சியில் இருக்கிறாள். போனில் கேட்டால் “இன்றைக்குச் சுவருக்குப் பெயின்ட் அடித்தோம்”, “நாள் முழுக்க ஓர் அறையில் காவலுக்கு உட்கார்ந்தேன்” என்கிறாள். இதற்காகவா படிக்க வைத்தோம்? இதில் பின்னால் வேலை உண்டா?
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஐயா. ஆனாலும் பெயின்ட் அடிப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பழைய ஆணித் துளைகளைப் புட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் அடித்து முடித்த சுவரில் பக்கவாட்டு விளக்கு விழும்போது சின்ன மேடு இருந்தாலும் அது படத்தைவிட முன்னால் வந்து நிற்கும். வெள்ளையிலும் மஞ்சள் சாயல் உண்டு, நீலச் சாயல் உண்டு. தவறான வெள்ளைக்கு முன்னால் நல்ல தாளில் செய்த வேலை அழுக்காகத் தெரியும். சுவரைத் தன் கையால் தயார் செய்த ஒருவர், பின்னாளில் க்யூரேட்டராகி ஒப்பந்தக்காரரோடு பேசும்போது ஏமாற மாட்டார். வேலையாட்களிடம் நடக்காத காரியத்தைக் கேட்கவும் மாட்டார்.

அறையில் உட்காருவதும் அப்படித்தான். கொச்சி-முசிறி பியனாலே என்ற கலைவிழா 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய நாளிலிருந்து அங்கே வருகிற கூட்டத்தில் கலை படித்தவர்கள் ஒரு பங்கு. மீதிப்பேர் அந்த ஊர்க்காரர்கள், குடும்பத்தோடு வரும் சுற்றுலாப் பயணிகள், பள்ளிப் பிள்ளைகள். பியனாலே நடக்கும் ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற இடத்தின் பழைய கிடங்கு அறையில் ஒரு மூட்டைக் குவியலையோ ஓடும் வீடியோவையோ பார்த்து “இது என்னம்மா?” என்று ஒரு பாட்டி கேட்டால், உங்கள் மகள் பதில் சொல்ல வேண்டும். புத்தகத்தில் படித்த சொற்கள் அங்கே உதவாது. பாட்டிக்குப் புரிகிற மாதிரி, ஆனால் படைப்பைக் கொச்சைப்படுத்தாமல் சொல்லக் கற்பது பெரிய படிப்பு.

ஆனால் ஓர் எல்லை உண்டு. முதல் மாதம் பெயின்ட், சரி. மூன்றாவது மாதமும் பெயின்டும் காவலும் மட்டும்தான் என்றால் அங்கே அவளை மலிவான கூலியாளாக வைத்திருக்கிறார்கள். “இந்த வாரம் உனக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து பதில் வராவிட்டால், பொறுப்பாளரிடம் பேசச் சொல்லுங்கள். வேலை நேரத்தையும் கேளுங்கள். கண்காட்சி திறக்கும் முன்பான வாரங்களில் இரவு வேலை சகஜம். 2022-இல் கொச்சி பியனாலேயே திறக்க வேண்டிய டிசம்பர் 12-இல் திறக்க முடியாமல் கடைசி நேரத்தில் தள்ளிப்போய் 23-ஆம் தேதிதான் திறந்தது. அத்தனை பெரிய நிகழ்வுக்கே அப்படியென்றால் சின்ன இடங்களில் நெருக்கடி எப்படியிருக்கும் என்று ஊகிக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் வேலை என்றால் அறைக்குத் திரும்ப வண்டி ஏற்பாடு செய்வது அமைப்பின் பொறுப்பு. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

வேலைவாய்ப்பு பற்றி உண்மையைச் சொல்கிறேன். லாப நோக்கமற்ற கேலரிகளில் நிரந்தரப் பணியிடம் மிகக் குறைவு, சம்பளமும் குறைவு. ஆனால் இந்தப் பயிற்சியை மதிக்கும் இடங்கள் சுற்றிலும் இருக்கின்றன: தனியார் அருங்காட்சியகங்கள், ஏல நிறுவனங்கள், கலைப்பொருள் போக்குவரத்து நிறுவனங்கள், ஆவணக் காப்பகங்கள், கலை நூல் பதிப்பகங்கள், விழா அமைப்பாளர்கள். அரசு அருங்காட்சியகப் பணிக்கு அதற்கென்று தனித் தகுதியும் தேர்வும் உண்டு. இந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. மகளைத் திரும்பி வரச் சொல்லாதீர்கள், ஐயா. நான்கு மாதத்தையும் முடிக்கட்டும்.

கேள்வி: படைப்புகளை விற்காத கேலரிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பணம் இருந்தும் இன்டர்ன்களுக்குத் தராமல் இருக்கிறார்களா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு விதமும் உண்டு. லாப நோக்கமற்றது என்றால், மிச்சமாகும் பணத்தை யாரும் பங்குபோட்டுக்கொள்ள முடியாது என்பது மட்டுமே. வேலை செய்பவருக்குக் கூலி தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் நாட்டில் இவை அறக்கட்டளையாகவோ, பதிவுபெற்ற சங்கமாகவோ, கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழ் அமைந்த நிறுவனமாகவோ இருக்கும். பணம் நன்கொடையாளர்களிடமிருந்து வரும். பெங்களூருவின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற நிதியளிக்கும் அமைப்புகளிடமிருந்து வரும். கதே இன்ஸ்டிடியூட், ப்ரோ ஹெல்வெட்டியா போன்ற வெளிநாட்டுப் பண்பாட்டு நிறுவனங்களிடமிருந்து வரும். கேரளத்தில் மாநில அரசே பியனாலேக்கு நிதி தந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. ஆனால் கம்பெனிகள் பெரும்பாலும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும்தான் கொடுக்கின்றன.

வருகிற பணமும் குறிப்பிட்ட கண்காட்சியின் பெயரில், குறிப்பிட்ட பட்டறையின் பெயரில்தான் வரும். வாடகை, மின்கட்டணம், கணக்காளர் சம்பளம் ஆகியவற்றுக்குத் தர எவருக்கும் ஆர்வமில்லை. வெளிநாட்டுப் பணம் என்றால் 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டது. ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு சின்ன அமைப்புக்குப் பிரித்துத் தரவும் தடை. சின்னக் கூடங்கள் இதில் மூச்சுத் திணறுகின்றன. இதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவன் நான். அப்படியும் சொல்கிறேன்: கண்காட்சிக்கான வரவுசெலவுத் திட்டத்தில் ஒயினுக்கும் அழைப்பிதழ் அச்சுக்கும் ஒரு வரி எழுத முடிந்தால், இன்டர்ன் உதவித்தொகைக்கும் ஒரு வரி எழுத முடியும். நிதி தருபவர்கள் அதை அடிப்பது அபூர்வம். எழுதாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே வேறொரு வழியில் பணத்தைத் தேடியவர்கள் இருந்தார்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்த இளைஞர்கள், பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில்தான் நிலம் வாங்கியதும் வாழ்க்கை நடந்ததும். யாரும் யாரையும் சும்மா வேலை வாங்கவில்லை. அந்தக் கணக்கை இன்றைய அமைப்புகள் திரும்பப் படிக்கலாம்.

கேள்வி: பயிற்சிக்குச் சேர்ந்த இடத்தில் பொறுப்பாளர் தன் வீட்டு வேலைகளையும் என்னிடம் சொல்கிறார், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கண்காட்சிக்கு வந்திருந்த ஒரு மூத்த கலைஞர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். “பெரிய ஆள், பார்த்துப் போ” என்றார்கள். நான் ஊழியர்கூட இல்லையே, புகார் தர உரிமை உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: முழு உரிமை உண்டம்மா. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர் என்ற சொல்லுக்குள் பயிற்சியாளரையும் தன்னார்வலரையும் சேர்த்தே சொல்கிறது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றுதான். தவறு செய்தவர் அந்த அமைப்பின் ஊழியராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அங்கே வந்து போகிறவர் மீதும் புகார் தரலாம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். பல கேலரிகளில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அப்படியென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை இன்றே எழுதி வையுங்கள். செய்திகள் வந்திருந்தால் அழிக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

வீட்டு வேலை விஷயம்: அது இன்டர்ன்ஷிப்பில் சேராது. மறுத்துவிடுங்கள். அந்த இடத்தை விட்டு வெளியேறுவது என்று முடிவு செய்தாலும் அது தோல்வி இல்லை. உங்கள் எதிர்காலத்தை அந்த ஒரு கேலரி எழுதப் போவதில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நுண்கலை முடித்தேன். கொழும்பில் நவீன கலைக்கான இடங்களில் சேர ஆசை. என் ஆங்கிலம் போதாது என்று பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் தமிழைத்தான் நீங்கள் முன்னால் வைக்க வேண்டும். 2019 டிசம்பரில் கொழும்பில் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தொடக்கத்திலிருந்தே சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கண்காட்சிக் குறிப்புகளைத் தருகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்குக் கலையும் தெரிந்து தமிழும் எழுதத் தெரிந்தவர்கள் தேவை. கலை தெரியாதவர் மொழிபெயர்த்த சுவர்க் குறிப்பைப் படித்திருப்பீர்கள். சொல்லெல்லாம் தமிழாக இருக்கும், ஒரு வாக்கியமும் புரியாது.

உங்களுக்குப் பிடித்த ஒரு படைப்பை எடுத்து, 120 சொல்லுக்குள் ஒரு சுவர்க் குறிப்பு எழுதுங்கள். நேரே தமிழில் எழுதுங்கள். நின்றுகொண்டே படிக்கிற ஒருவருக்காக எழுதுகிறோம் என்பது நினைவிருக்கட்டும். எழுதியதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறாரோ அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். விண்ணப்பத்தோடு அதை அனுப்புங்கள். ஆங்கிலம் மின்னஞ்சல் எழுதும் அளவுக்கு வந்தால் இப்போதைக்குப் போதும். வேலையில் இருந்தபடியே வளர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நியூயார்க்கில் கலை நிர்வாகம் முதுகலை படிக்கும் தமிழ் மாணவன். இங்கே சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் சட்டப்படி சரியா?
— ஒரு மாணவர், நியூயார்க்

பதில்: லாபத்துக்கு நடக்கும் நிறுவனங்களில், பயிற்சியால் அதிகம் பயன்பெறுவது மாணவரா நிறுவனமா என்று பார்க்கும் அளவுகோலை அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018 முதல் பின்பற்றுகிறது. லாப நோக்கமற்ற அமைப்புகளில் ஒருவர் ஊதிய எதிர்பார்ப்பின்றித் தன்னார்வமாக வேலை செய்வதைச் சட்டம் பொதுவாக அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதாலேயே அது சரியாகிவிடாது என்று கலைத் துறைக்குள்ளேயே குரல் எழுந்தது. 2019 ஜூனில் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம், இன்டர்ன்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. கேலரியைத் தேடும்போது வேஜ் என்ற அமைப்பின் சான்று அதற்கு இருக்கிறதா என்று பாருங்கள். 2008-இல் கலைஞர்கள் தொடங்கிய அமைப்பு அது. சான்று கலைஞர்களுக்கான கட்டணத்தைப் பற்றியதுதான்; ஆனாலும் உழைப்புக்குக் காசு தரப் பழகிய இடத்தை அது காட்டிக்கொடுக்கும். நீங்கள் மாணவர் விசாவில் இருப்பவர். பணம் வந்தாலும் வராவிட்டாலும், உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு நாளும் வேலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் கேலரியே கிடையாது. யாரையும் தெரியாது. நான் எங்கிருந்து தொடங்குவது? விண்ணப்பத்தில் என்ன அனுப்புவது?
— ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: பெரிய பெயர்களிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 2016-இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பியனாலே நடக்கும் மாதங்களில் ஆள் தேவை அதிகம். பொது இடங்களிலேயே காட்சிகள் வைப்பதால் கற்கவும் நிறைய இருக்கும். முட்டுக்காட்டில் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996 முதல் நடத்தும் தட்சிணசித்ராவில் கைவினைஞர் வீடுகளோடு கலைக்கூடமும் உண்டு. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையம் இருக்கிறது. அடுத்த முறை சென்னை வரும்போது ஒரு நாள் ஒதுக்கி மூன்றில் இரண்டையாவது பாருங்கள். பார்த்துவிட்டு எழுதும் கடிதத்துக்கும் பார்க்காமல் எழுதும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம், படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ‘உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்’ என்று தொடங்காதீர்கள். எந்தக் கண்காட்சியைப் பார்த்தீர்கள், அதில் எந்தப் படைப்பின் முன் அதிக நேரம் நின்றீர்கள், ஏன் என்று மூன்று வரி எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், தங்குமிட உதவி தேவையா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

கூடவே ஒன்றை இணையுங்கள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒரு பழைய ஸ்டூடியோப் புகைப்படமோ, சட்டமிட்ட சாமி படமோ கட்டாயம் இருக்கும். அதை இறக்கி, தூசு தட்டாமல் அப்படியே மேசையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மேலே மதுரை வாசகிக்குச் சொன்ன முறையில் ஒரு பக்கத்துக்குக் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதுங்கள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், பழுது உள்ள இடங்களை அருகிலிருந்து இரண்டு மூன்று படங்கள். பின்பக்கத்தை மறக்காதீர்கள், ஸ்டூடியோ முத்திரை, சட்டம் போட்ட கடையின் சீட்டு, யாரோ பென்சிலில் எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதலாம். என் மேசைக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அன்றைக்கே போன் செய்து கூப்பிட்டிருப்பேன்.